ஐந்தாவது படி

வெளியூர் மேட்சுக்குப் போனால் எங்களுக்கு எப்போதும் வெயில் பக்கம்தான். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் செய்யாறு போனாலும் போளூர் போனாலும் வேலூர் போனாலும் இதே கதைதான். உள்ளூர்க்காரர்கள் மேற்கே மரத்தடியில் நாற்காலி போட்டு ஜம்மென்று உட்கார்ந்துகொள்வார்கள். எங்களைப் பார்த்ததும் எதிரே கிழக்குப் பக்கத்துச் சிமென்ட் படிகளைக் காட்டி, "கெஸ்ட்டு டீமா? அங்க போங்க" என்பார்கள். மூன்றரை மணிக்கு மேட்ச் ஆரம்பிக்கும்போது சூரியன் நேராக எங்கள் மூஞ்சியில் அடிக்கும். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, எங்கள் பெண்கள் பந்து ஆடுவதைப் பார்ப்போம்.

பார்ப்போம் என்று மற்றவர்களைச் சேர்த்துச் சொன்னேன். நான் தூங்குவேன்.

வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் எனக்கு வேலை. காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டரை வரை நின்றபடியே. கல்யாணக் கூட்டம் வந்தால் நாற்பது புடவை விரிக்க வேண்டும். ஒன்று எடுப்பார்கள், முப்பத்தொன்பதை மடிக்க வேண்டும். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டதும் எங்கள் மாடிக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. வந்த நாளிலிருந்து அதன்மேல் பில் புத்தகமும் தண்ணீர் பாட்டிலும்தான் உட்கார்ந்திருக்கின்றன. நாங்கள் எட்டுப் பேர் அதைச் சுற்றி நிற்கிறோம். அதனால் என் உடம்புக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. உட்கார்ந்தால் தூங்கிவிடும். பஸ்ஸில், ரேஷன் கடையில், ஒருமுறை கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால்கூடத் தூங்கியிருக்கிறேன்.

என் பெண் நிலா சேவூரில் பெண்கள் கால்பந்து அணியில் இருக்கிறாள். பிளஸ் டூ படிக்கிறாள். அருள்தாஸ் மாஸ்டர்தான் பயிற்சி. நல்ல மனுஷன், ஆனால் கண்டிப்பு. வெளியூருக்கு வீட்டிலிருந்து ஒரு ஆள் கூட வந்தால்தான் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவார். என் வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. மாதம் ஒருமுறை வந்து, "பாப்பா எப்படி ஆடுறா?" என்று பெருமையாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். ஆக, கூடப் போவது என் தலையில் விழுந்தது. கடையில் வார லீவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கேட்டால் முதலாளி முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மூன்று வருஷமும் நிலா பெஞ்சில்தான். யாருக்காவது அடிபட்டால், யாராவது மூச்சு வாங்கினால், அப்போது இறக்குவதற்காக உட்கார வைத்திருக்கிற பெண். மொத்தமாக அவள் மைதானத்தில் ஓடியது பதினோரு நிமிஷம். நான் கணக்கு வைக்கவில்லை, அவளே ஒருநாள் சொன்னாள். நாலு நிமிஷம் போளூரில், ஏழு நிமிஷம் செய்யாறில். அந்தச் செய்யாறு ஏழு நிமிஷமும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். விசில் சத்தத்தில் விழித்துப் பார்த்தால், சட்டையெல்லாம் மண்ணோடு என் பெண் வருகிறாள். "நல்லா ஆடினடி" என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு வருஷமாக என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

இப்போது படிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் எங்கள் ஆட்கள் கண்ட இடத்தில் உட்கார முடியாது. முதல் படி, ஆடுகிற பதினோரு பெண்களின் அம்மாக்களுக்கு. அதற்கு மேலே சித்தி, அத்தை, அக்கா, மேளம் அடிக்கிற பையன்கள். ஐந்தாவது படி, அதாவது கடைசிப் படி, பெஞ்சில் இருக்கிற பெண்களின் அம்மாக்களுக்கு. கூடவே எல்லோருடைய பைகளும், தண்ணீர் கேனும், செருப்புகளும். மற்ற பெஞ்சுப் பெண்களுக்கு அக்காவோ சித்தியோதான் துணைக்கு வருவார்கள், அவர்கள் மேளத்தோடு நடுவில் கலந்துவிடுவார்கள். ஆகவே ஐந்தாவது படியில் நானும் பைகளும்தான்.

இந்த முறையைக் கொண்டுவந்தது முனியம்மா அக்கா. கோல் கீப்பரின் அம்மா. சேவூர் கூட்டுரோட்டில் மத்தியான மெஸ் நடத்துகிறாள், குரலும் மெஸ் நடத்துகிற குரல்தான். சும்மா கொண்டுவரவில்லை, காரணம் இருந்தது. நாங்கள் சேருவதற்கு முன்னால் ஒரு மேட்சில், பெஞ்சுப் பெண் ஒருத்தியின் அம்மா முதல் படியில் உட்கார்ந்துகொண்டு, ஆடுகிற ஒரு பெண்ணைப் பார்த்து, "இது தேறாது, இதை எடுத்துட்டு எம்பொண்ண எறக்கு சார்" என்று கத்தியிருக்கிறாள். அந்தப் பெண்ணின் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். முடியைப் பிடித்து இழுக்கிற வரைக்கும் போய்விட்டதாம். அன்றைக்கு முனியம்மா அக்கா சொன்னதுதான் இன்றைக்கும். ஆடுகிறவள் அம்மா கீழே, ஆடாதவள் அம்மா மேலே. ஒரு பெண்ணை எடுத்துவிட்டு இன்னொரு பெண்ணை இறக்கினால், இவள் அம்மா எழுந்து இடம் விட வேண்டும், அவள் அம்மா இறங்கி வந்து உட்கார வேண்டும். பத்து நிமிஷத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டும் யாரும் நகர வேண்டாம். முதல் படியில் இடம் காலியாக இருக்கக் கூடாது, ஆகாது. எழுந்தும் நிற்கக் கூடாது, பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும்.

எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. உண்மையில் மேல்படி எனக்கு வசதி. சாய்ந்துகொள்ளப் பைகள் உண்டு, கேட்பார் இல்லை. முதல் படிக்காரிகள் சூடு தாங்காமல் தவிப்பார்கள் என்று கடையில் புடவைக்குள் வைக்கிற பழைய அட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்து அவர்களுக்கு நானே விரித்துக் கொடுப்பேன். கொடுத்துவிட்டு மேலே ஏறிப் போய்விடுவேன்.

ஆனால் ஆடி மாதம் வந்தபோது எனக்கு முடியவில்லை. முகூர்த்தம் இல்லை என்றால் வேலை குறையும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை, தள்ளுபடி போட்டுவிடுவார்கள். அந்த வாரம் என் கணுக்கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் மேட்ச். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம், நடுவில் வெயில். எதற்கு? என் பெண் உட்கார்ந்திருப்பதை நான் உட்கார்ந்து பார்ப்பதற்கு.

வியாழக்கிழமை சாப்பிடும்போது சொன்னேன். "நிலா, இந்த தடவையும் எறக்கலன்னா இதான் கடைசி. என்னால முடியலடி. நான் வரல, நீயும் போக வேணாம்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரிம்மா" என்றாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலையில் இன்னும் மோசம். மினி பஸ் கிளம்புகிற நேரத்துக்கு அவள் ஒரு பக்க சாக்ஸைக் காணோம் என்று வீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். கால் வலி, தலை வலி, டிரைவர் தருமன் தெருமுனையில் ஹாரன் மேல் ஹாரன். நான் வாய் விட்டுவிட்டேன். "பெஞ்சுல குந்தறதுக்கு இன்னாத்துக்குடி சாக்ஸு? ஜல்தி வா. இன்னிக்கு அந்த வெயில்ல நான் கடைசி வரிக்கும் இருப்பேன்னு நெனைக்காத. பாதியிலயே பஸ் ஏறி வந்துகினே இருப்பேன், நீ பசங்களோட வந்து சேரு."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கட்டில் அடியிலிருந்து சாக்ஸை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய் பஸ்ஸில் ஏறினாள்.

பஸ்ஸிலும் அதே முறைதான். ஆடுகிற பெண்கள் முன்னால், அவர்கள் அம்மாக்கள் அடுத்து, பெஞ்சுப் பெண்கள் அதற்கு அடுத்து, நான் கடைசி சீட்டில் பைகளோடு. பெரணமல்லூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். திண்டிவனத்தில் முனியம்மா அக்கா தட்டி எழுப்பினாள்.

"சசி, அட்டை எடுத்துகினு வந்தியா? கல்லு கொதிக்குது."

கொண்டுவந்திருந்தேன். பதினோரு பேருக்கும் அட்டை விரித்துக் கொடுத்தேன். ஐந்து படி ஏறினேன். பைகளை அடுக்கினேன். அணிகளின் பெஞ்சு இரண்டும் எதிர்ப்பக்கம், மேற்கே, மரநிழலில் இருந்தன. கையை மறைப்பு வைத்துப் பார்த்தேன். பெஞ்சின் ஓரத்தில் பதினான்காம் நம்பர் சட்டை, என் பெண். வழக்கமான இடம்தான் அவளுக்கும், எனக்கும்.

அப்போது ஒன்று நினைத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு அவளை இறக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். இன்று ஒருநாள் போனால் போதும், அடுத்த லீவு நாளில் வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம் என்று. பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் நினைத்தேன்.

முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். மேளம் காதைக் கிழித்தது. அதற்கப்புறம் எனக்குத் தெரியாது, தூங்கிவிட்டேன்.

"யக்கோவ்! சசியக்கா! எழுந்துரு!"

மூன்றாவது படியிலிருந்து ஒரு பையன் ஏறி வந்து என் முழங்காலை உலுக்கினான். விழித்தபோது மைதானத்தில் கூட்டமாக நின்றார்கள். இரண்டாம் பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. எங்கள் கலைமகள், பின்னால் நின்று ஆடுகிற பெண், கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிர்ப்பக்கம் பெஞ்சிலிருந்து பதினான்காம் நம்பர் எழுந்து நின்று சாக்ஸைச் சரிசெய்தது.

தூக்கம் மொத்தமாகப் போய்விட்டது.

முதல் படியில் கலைமகளின் அம்மா சின்னபொண்ணு எழுந்துவிட்டாள். கண்ணெல்லாம் கலங்கி இருந்தது. தன் கைப்பையை எடுத்துக்கொண்டு மேலே என்னைப் பார்த்தாள்.

"வா சசி. உன் எடம்."

நான் இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்தேன். "நீ குந்துக்கா. கலைக்கு ஒண்ணும் ஆயிருக்காது. நான் மேலயே இருக்கேன்."

"அதெல்லாம் கெடையாது" என்றாள் முனியம்மா அக்கா, மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே. "அரை மணிக்கு மேல ஆட்டம் கீது. காலி எடம் ஆவாது. முறைன்னா முறைதான். குந்து சசி."

சின்னபொண்ணு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு தன் பெண்ணிடம் ஓடினாள். நான் அவள் அட்டையில் உட்கார்ந்தேன். அவள் உட்கார்ந்த சூடு அதில் அப்படியே இருந்தது. மூன்று வருஷம் நான் விரித்துக் கொடுத்த அட்டையில் முதல் முறையாக உட்கார்ந்தபோது ஒரு துளி சந்தோஷமும் இல்லை. அடுத்தவள் பிள்ளை அடிபட்டுக் கிடக்கும்போது கிடைத்த இடம்.

பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து நானும் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டேன். வரிசையில் பதினோரு பேர், பதினோரு முக்காடு.

நிலாவுக்குக் கிடைத்த இடம் எங்களுக்கு எதிர்ப்பக்க ஓரம். தூரம். முகம் சரியாகத் தெரியவில்லை, நிற்கிற நிலைதான் தெரிந்தது. வந்த முதல் பந்தைச் சுத்தமாக உதைத்து அனுப்பினாள். "சபாஷ்" என்று யாரோ என் முதுகில் தட்டினார்கள்.

அதற்கப்புறம்தான் கெட்டது. அடுத்த பந்தைக் கோட்டுக்கு வெளியே விட்டாள். அதற்கடுத்ததை எதிராளி காலிலேயே போட்டாள். பந்து எங்கோ இருந்தது, இவள் தலை எங்கோ இருந்தது. நின்றால் நின்றபடி எங்கள் பக்கம் பார்த்தாள். ஓடும்போதும் பார்த்தாள். என்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக் கையை ஆட்டினேன். ஆட்டியது என்ன பெரிய விஷயம், அங்கே எல்லோரும்தான் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். "நிலா!" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. எழுந்து நின்றேன். "குந்து குந்து" என்று பின்னால் இருந்து நாலு பேர் தோளை அழுத்தினார்கள்.

திண்டிவனத்துப் பெண்களில் ஏழாம் நம்பர் ஒருத்தி, ஒல்லியாக, நல்ல ஓட்டக்காரி. நிலா மறுபடி எங்கள் பக்கம் தலையைத் தூக்கிய நேரத்தில் அந்தப் பெண் அவளைத் தாண்டிக்கொண்டு போய்விட்டாள். நிலா திரும்பி ஓடினாள், பிடிக்க முடியவில்லை. கோல். எதிர்ப்பக்கம் நாற்காலிகள் எல்லாம் எழுந்து நின்று ஆடின.

எங்கள் படியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது, அதுவும் முறை. முனியம்மா அக்கா கோலுக்குள் கிடந்த பந்தை எடுக்கப்போன தன் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே மூன்றாவது படியில்தான் ஒரு பையன் வாய் பொறுக்காமல் கேட்டான்.

"இன்னாடா இந்தப் பொண்ணு? பாலப் பாக்காம மேல இன்னாத்தப் பாத்துகினு கீது?"

மேலே.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் பார்த்த இடத்தைப் பார்த்தேன். ஐந்தாவது படி. பைகள் இருந்தன, தண்ணீர் கேன் இருந்தது, செருப்புகள் இருந்தன. ஆள் இல்லை.

நான் கீழே இறங்கி வந்த விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கோட்டோரம் மாஸ்டர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் இறங்கினேன். மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட நான் அந்த இடத்தை விட்டு அசைந்தது இல்லை. இன்று காலையில் மட்டும்தான் சொன்னேன், பாதியிலேயே பஸ் ஏறிவிடுவேன் என்று. அம்மா போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு என் பெண் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

பந்தை நடுவில் வைத்து மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். நான் எழுந்தேன்.

"எங்கடி போற?" முனியம்மா அக்கா என் முந்தானையைப் பிடித்தாள். "கோல் வுட்டதுக்கா எழுந்து போற? உன் பொண்ணு ஆடிகினு இருக்கா. இப்ப எழுந்தா அவளுக்கு எவ்ளோ அசிங்கம்? குந்து."

"அக்கா, வுடு. நான் மேல போவணும்."

"காலி எடம் ஆவாதுன்னு சொல்றேன் இல்ல?"

எங்கிருந்து வந்ததோ எனக்கு அந்தக் கோபம். கடையில் ஒரு நாளும் வராத கோபம். "ஆறு நாளு நிக்கறேன்க்கா. நில்லுன்னா நிக்கறேன், அந்தாண்ட போன்னா போறேன். ஏழாவது நாளு நான் எங்க குந்தணும்னு எவளும் எனக்குச் சொல்ல வேணாம். வுடு."

விட்டுவிட்டாள். படிகளில் வழி விடாமல் உட்கார்ந்திருந்தவர்களை மிதித்துக்கொண்டுதான் ஏறினேன். ஒருத்தி திட்டினாள். மேளக்காரப் பையன் மேளத்தைத் தூக்கிக்கொண்டான். வீங்கிய கணுக்கால் ஒவ்வொரு படிக்கும் ஊசி குத்தியது. ஐந்தாவது படிக்கு வந்து, முக்காட்டை எடுத்து, பைகளுக்கு நடுவில் என் இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

பந்து எங்கள் பக்கம் வெளியே போயிருந்தது. நிலா அந்தக் கோடியில் இடுப்பில் கை வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார், பார் என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினாள். இந்தப் பக்கம் பார்த்தாள்.

நான் கையை ஆட்டவில்லை. எப்போதும் போல ஒரு பையின் மேல் சாய்ந்துகொண்டேன். அவ்வளவுதான்.

அவள் அப்படியே நின்றாள். பிறகு குனிந்து இரண்டு சாக்ஸையும் முழங்கால் வரை இழுத்துவிட்டாள். ஏழாம் நம்பர் பெண்ணின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்குப்பின் விசில் ஊதும் வரைக்கும் அவள் ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை. நான் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த ஏழாம் நம்பர் நாலு முறை வந்தாள், நாலு முறையும் நிலா பந்தைத் தட்டிவிட்டாள். ஒருமுறை முழங்காலில் உதை வாங்கி விழுந்து எழுந்தாள். ஒருமுறை தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினாள், "லெஃப்ட்ல வரா, லெஃப்ட்ல!" என்று. அது மேலே வரைக்கும் கேட்டது. வீட்டில் தண்ணீர் கேட்கக்கூட அந்தக் குரல் வராது அவளுக்கு. என் பெண்ணுக்கு இப்படி ஒரு தொண்டை இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. வெயில் கண்ணைக் குத்தியது, கண்ணில் தண்ணீர் ஊற்றியது. நான் முந்தானையை எடுத்துத் தலைக்குப் போடவில்லை. போட்டால் நானும் இன்னொரு முக்காடு ஆகிவிடுவேன் என்று பயம்.

ஒன்றுக்கு ஒன்று. சமம். ஜெயிக்கவில்லை, தோற்கவில்லை. திரும்பிப் போகிற களைப்பு மட்டும் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான்.

பைகளைப் பஸ்ஸில் ஏற்றும்போது முனியம்மா அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். நானே சொன்னேன். "கோச்சிக்காதக்கா. அவ மேலதான் என்னத் தேடினா. நான் போயிட்டேன்னு நெனச்சிகினா."

அக்கா ஒரு பையைத் தூக்கி உள்ளே தள்ளினாள். தன் அட்டையைத் தூசி தட்டி என் கையில் கொடுத்தாள்.

"எம்பொண்ணு அஞ்சு வருசமா கோல்ல நிக்கறா" என்றாள். "நானும் அஞ்சு வருசமா மொத படியில குந்திகினு கீறேன். ஒரு நாளு கூட அவ என்னத் திரும்பிப் பாத்தது கெடையாதுடி."

சொல்லிவிட்டுப் போய் முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்துகொண்டாள். அந்தப் பொம்பளையை இத்தனை நாள் அதிகாரம் பிடித்தவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

முறைப்படி பார்த்தால் திரும்பும்போது நானும் முன்னால் உட்கார வேண்டும். யாரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. சின்னபொண்ணும் கலைமகளும் எனக்கு வர வேண்டிய சீட்டில் உட்கார்ந்தார்கள். பெண்ணின் காலுக்கு நீட்ட இடம் வேண்டும். எலும்புக்கு ஒன்றும் இல்லை, வீக்கம்தான் என்றார்கள். நான் கடைசி சீட்டுக்கு வந்தேன். பஸ் கிளம்பியதும் நிலா முன்னாலிருந்து எழுந்து, தள்ளாடிக்கொண்டே வந்து, பைகளை நகர்த்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வியர்வையும் மண்ணும் தைலமுமாக ஒரு வாடை.

பஸ் வந்தவாசியைத் தாண்டியது. வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"போயிட்டன்னு நெனச்சேன்" என்றாள்.

"அப்படி உன்ன வுட்டுட்டுப் போவேனாடி?"

"சொன்னியே."

"சொன்னேன். ஆயிரம் சொல்லுவேன். கால் வலில வாய் எதையோ உளறுது."

அவள் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினாள். "செய்யாறுல நீ தூங்கிகினு இருந்தது எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அப்ப ஏன்டி கேக்கல? நல்லா ஆடினன்னு சொன்னப்ப சிரிச்சிகினு போன?"

"இன்னான்னு கேக்கறது? பெஞ்சுல குந்தினா எதிர்ல நீதான் தெரிவ. மேட்சு போர் அடிச்சா உன்னத்தான் பாத்துகினு இருப்பேன். பை மேல சாஞ்சி, வாயத் தொறந்துகினு தூங்குவ." லேசாகச் சிரித்தாள். "வூட்ல நீ தூங்கி நான் பாத்ததே இல்லம்மா. நான் படுக்கும்போதும் நின்னுகினு இன்னாவோ பண்ணுவ. எழுந்துக்கும்போதும் அடுப்பாண்ட நிப்ப. இங்கதான் பாக்கறேன். அத்தப் பாத்தா, எறக்கலன்னாலும் பரவால்லன்னு தோணும்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், நாளைக்கு டெஸ்ட் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. மூன்று வருஷமாக நான் அவளுக்காக வெயிலில் உட்கார்ந்து கிடப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் இவள் என் தூக்கத்துக்குக் காவல் இருந்திருக்கிறாள். அழுதேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பஸ் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "அடுத்த மேட்ச் எங்க?"

"நீதான் இதோட கடைசின்னு..."

"எங்கன்னு கேட்டேன்."

"ராணிப்பேட்டை. வர ஞாயித்துக்கெழம இல்ல, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்கயும் நமக்கு வெயில் பக்கந்தான்" என்றாள்.

"தெரியும்" என்றேன். "கலைக்கு அதுக்குள்ள கால் சரியாயிடும். உன்ன மறுபடி பெஞ்சுல குந்த வெச்சிடுவாரு."

"வெப்பாரு."

"நானும் மேலதான் இருப்பேன்."

"ம்" என்றாள். அப்புறம் என் தோளில் தலையைச் சாய்த்தாள். சாய்த்த இரண்டாவது நிமிஷம் தூங்கிவிட்டாள், வாயைத் திறந்துகொண்டு. என் பெண்தான், சந்தேகமே இல்லை.

எனக்கும் கண் சொக்கியது. உட்கார்ந்தால் தூங்குகிற உடம்பு இது, அதுவும் இரண்டரை மணி நேரப் பயணம். ஆனால் தூங்கவில்லை. பெரணமல்லூரில் வேகத்தடையில் தருமன் பஸ்ஸைத் தூக்கிப் போட்டபோது, மரத்துப்போயிருந்த தோளை அசைக்காமல் அவள் தலையைக் கையால் பிடித்துக்கொண்டேன்.